மறைந்த வரிகளும் மொத்தக் கூட்டலும்

எக்செல் அட்டவணையில் ஃபில்டர் போட்டால் வேண்டாத வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அழிந்துவிடுவதில்லை. இடது ஓரத்து வரி எண்கள் 4இலிருந்து 19க்குத் தாவி நிற்பதே அதற்கு அடையாளம். அந்த நிலையில் அடியில் 'சம்' சூத்திரம் போட்டால் மறைந்த வரிகளும் கூட்டலில் சேரும். 'சப்டோட்டல்' போட்டால் தெரிகிற வரிகள் மட்டும் சேரும். கணக்குப்படி இரண்டும் சரிதான். எதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் விவகாரம். நுவரெலியா, ஹட்டன் பகுதியின் இந்திய வம்சாவளித் தேயிலைத் தோட்ட மக்களைச் சுதந்திர இலங்கை எண்ணிய விதமும் இதுதான்: வாக்காளர் இடாப்பில் மறைத்தார்கள், ஆசனம் பிரிக்கும்போது கூட்டிக்கொண்டார்கள்.

பதிவில்லாத சனம் என்று இவர்களைச் சொல்லவே முடியாது. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம். காலையில் ஆள் எடுக்கும் பிரட்டுக்கு வந்து, கொழுந்து நிறை சரியாக இருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். கடனைச் சுமந்துகொண்டு தோட்டம் மாறுவதற்குத் துண்டு என்ற சீட்டு இருந்தது. 1921 வரை அது சட்டப்படி செல்லுபடியானது. 1911 குடிசன மதிப்பீடு இவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனி வகையாகவே பிரித்து எண்ணியது. இத்தனை ஏடும் கூலிக்கும் கடனுக்கும் ஆள்கணக்குக்கும் உதவியவை. தகப்பன் எங்கே பிறந்தான் என்ற ஒரு பத்தியை மட்டும் செக்ரோல் கேட்டதேயில்லை. 1948 கேட்டது அதைத்தான்.

அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை என்பார்கள். உண்மைதான். இலங்கையில் பிறந்தவரின் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றுதான் அது பொதுவாகச் சொன்னது. ஆனால் ஃபில்டரும் எந்தப் பத்தியில் போடப்படுகிறதோ அதன் பெயரை மட்டுமே சொல்லும். யார் மறைவார்கள் என்பதைச் சொல்லாது. கிராமத்தில் இருந்தவரிடம் அதிகாரிகள் பாட்டனின் பிறப்புச் சான்றைக் கேட்கவில்லை, தோட்டத்து லயன் வீட்டில் இருந்தவரிடம் கேட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கும் இல்லாமல் போயிற்று. 1947இல் நுவரெலியா தொகுதியில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசின் தொண்டமான் வென்றார். 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை.

மறைக்கப்பட்ட வரிகள் இன்னொரு கூட்டலில் உயிரோடு இருந்தன. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியல் யாப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று மாகாணங்களுக்குப் பிரித்தது. அந்தத் தலைக்கணக்கில் தோட்டத் தொழிலாளியும் உண்டு. வாக்கு அவருக்கு இல்லை; அவரை எண்ணிக் கிடைத்த ஆசனத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் பக்கத்துக் கிராமத்தவர்கள். 1946இல் எல்லை வகுத்தபோது பிரஜாவுரிமைச் சட்டமே இல்லை, ஆகவே இது தற்செயல் என்று வாதிடலாம். முதல் தடவைக்கு அந்த வாதம் நிற்கும். ஆனால் 1959இல் தொகுதிகளை மறுபடி பிரித்தபோதும், வாக்கிழந்தவர்கள் யார் என்று நாடே அறிந்திருந்தும், மொத்தச் சனத்தொகைதான் அளவுகோலாயிற்று. மலைநாட்டுச் சிங்களத் தொகுதிகளுக்குக் கூடுதல் பிரதிநிதித்துவம் வந்த வழி அது. இதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் குடிசன மதிப்பீட்டில் தனி வகையாக எண்ணியதே பிழையா? அதுவும் மிகையான முடிவு. தோட்டங்களில் பிள்ளைச் சாவும் பள்ளிக்கூடப் பற்றாக்குறையும் எவ்வளவு என்பது அந்தத் தனிக் கணக்கால்தான் வெளியே தெரிந்தது. வடிகட்டிப் பார்க்காமல் தேசிய சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அது மூடியே கிடந்திருக்கும். குற்றம் பத்தியில் இல்லை. ஒரே சனத்துக்கு இரண்டு சூத்திரம் வைத்ததில் இருக்கிறது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், பிரஜாவுரிமை இல்லாமல் நின்ற 9,75,000 பேரை 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டது. குடும்பம் குடும்பமாகப் பெயர்களைப் பார்த்துப் போட்ட எண்கள் அல்ல இவை. முழு ஆயிரங்களில் பேரம் பேசிய எண்கள். அதே தேதியிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.