ஜாவா அரண்மனை நடனம்: உடையும் அசைவும்

இந்தோனேசியாவின் நடு ஜாவாவில், மாதரம் அரசமரபின் அரண்மனைகளில் வளர்ந்த நடனங்களுள் பெண்கள் ஆடும் பெடோயோவும் ஸ்ரிம்பியும் முதன்மையானவை. பெடோயோவைப் பெரும்பாலும் ஒன்பது பேரும் ஸ்ரிம்பியை நால்வரும் காமெலான் இசைக்கு ஆடுவார்கள்.

இவற்றில் அசைவுக்கு எல்லை வகுப்பது துணிதான். உடலை இறுக்கிச் சுற்றிய பாத்திக் துணியின் முனை இரு கால்களுக்கும் நடுவே வால்போலத் தரையில் நீண்டு கிடக்கும். முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்கும் பெண், திரும்பும்போதெல்லாம் பாதத்தால் அதை ஒதுக்கித் தள்ள வேண்டும். தாவவோ காலை அகல வைக்கவோ வழியில்லை. இடறிவிடக்கூடிய துணி இப்படியே ஓர் அடவாகிவிட்டது. இடையில் தொங்கும் சாம்பூர் என்னும் நீள்துணியை விரல்நுனியால் எடுத்து வீசுவதும் நழுவவிடுவதும் கைக்குரிய வேலை. கண்கள் தாழ்ந்தே இருக்கும். முகத்தில் உணர்ச்சி காட்டுவதில்லை.

பெடோயோ கெதாவாங் இவற்றுள் மிகப் புனிதமானது. சூரகர்த்தா மன்னர் அரியணையேறிய ஆண்டுநாளில் ஆடப்படும் இதைச் சுல்தான் அகுங் (1613–1645) உருவாக்கினார் என்பது அரண்மனை மரபு. தென்கடல் அரசி ராத்து கிடுலுக்கும் மாதரம் மன்னருக்கும் இடையிலான காதலே கரு என்பதால், ஒன்பது பேரும் அரண்மனை மணப்பெண்ணின் கோலத்தில், டோடோட் என்னும் பெரிய துணியை அணிந்து வருகிறார்கள். பத்தாவதாக அந்த அரசியே வந்து ஆடுவதாக நம்பிக்கை. ஒத்திகைக்குரிய செவ்வாய்க் கிளிவோன் என்னும் நாள் ஜாவா நாட்காட்டியில் 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும்.

1755இல் கியாந்தி ஒப்பந்தம் மாதரத்தைச் சூரகர்த்தா, யோக்யகர்த்தா என இரண்டாக்கியது. இரு அரண்மனைகளும் பகைமையை நடனத்திலும் உடுத்தும் முறையிலும் காட்டின என்றால் மிகையில்லை. யோக்யகர்த்தா பாணியில் கோடுகள் நேர், நிலைகள் கண்டிப்பு. சூரகர்த்தாவில் குழைவும் நெளிவும் கூடுதல். யோக்யகர்த்தாவின் ஸ்ரிம்பி பெண்கள் கையில்லா வெல்வெட் சட்டையும் இறகு செருகிய தலையணியும் பூண்டனர். அரச குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்ட பராங் ருசாக் போன்ற பாத்திக் வடிவங்களை ஊரார் உடுத்தத் தடை இருந்தது.

1918இல் யோக்யகர்த்தாவில் தொடங்கிய கிரிதா பெக்ஸா வீராமா என்னும் பள்ளி, இந்தக் கலையை மதிலுக்கு வெளியே கற்பித்தது. யோக்யகர்த்தா சுல்தான் எட்டாம் ஹமெங்குபுவோனோ (1921–1939) காலத்தில் வாயாங் வோங் நாடக நடன உடைகள் தோல்பாவைகளைப் பார்த்துத் திருத்தப்பட்டன. அடுத்து வந்த ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ 1941இல் மரப்பாவைக் கூத்தைக் கண்டு கோலெக் மெனாக் நடனத்துக்கு வித்திட்டார். அதில் ஆடுபவர்கள் பாவைகளுக்கு உள்ளதுபோல் நீளக்கைச் சட்டை அணிந்து, அவற்றைப் போலவே வெட்டி வெட்டித் தலையையும் தோளையும் திருப்புகிறார்கள்.