வட்டப்பாறையும் தொலைக்காட்சிச் சீதையும்

விழுப்புரத்துக்கு அருகே, பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். தேவார மூவரும் பாடிய தலம். ஆக்கள் வழிபட்ட ஊராதலால் ஆமாத்தூர் என்றும், இராமன் வழிபட்டமையால் இறைவனுக்கு அபிராமேசுவரர் என்று பெயர் என்றும் தலபுராணம் சொல்லும். இராமன் இங்கே வழிபட்ட செய்தி அப்பரின் பதிகத்திலேயே இடம்பெற்றுவிட்டதால், அது பிற்காலத்தில் ஒட்டவைத்த கதையன்று என்பது உறுதி.

ஆனால் சுற்று வட்டாரத்து மக்களுக்கு இந்த ஊர் நினைவில் நிற்பது இராமனால் அன்று. முத்தாம்பிகை கோயிலில் உள்ள வட்டப்பாறையால். கடன், நிலம், பாகம் என்று எந்தத் தகராறானாலும் பேச்சு முற்றும்போது ‘வட்டப்பாறையில் வந்து சத்தியம் செய்வாயா?’ என்ற கேள்வி எழும். பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தீண்டும் என்பது நம்பிக்கை. அதற்கு ஒரு கதை உண்டு. தம்பியின் பங்கை அபகரித்த அண்ணன் ஒருவன், அதைப் பொன்னாக்கித் தன் கைத்தடிக்குள் மறைத்து வைத்தான். சத்தியம் செய்யும் நேரத்தில் தடியைத் தம்பியிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ‘என்னிடம் எதுவும் இல்லை, எல்லாம் இவனிடமே இருக்கிறது’ என்று ஆணையிட்டான். சொல்லளவில் அது உண்மை. ஊருக்குத் திரும்பும் வழியில் அம்மனையே ஏமாற்றிவிட்டதாக அவன் எக்களித்தபோது பாம்பு தீண்டி இறந்தான். கதை பல விதமாகச் சொல்லப்பட்டாலும் அதன் சாரம் ஒன்றே. சொல் சரியாக இருந்தால் போதாது, நெஞ்சும் சரியாக இருக்கவேண்டும் என்கிறது பாறை.

இராமன் வழிபட்டதாகச் சொல்லப்படும் ஊரில் இப்படியொரு சத்தியப் பாறை இருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு 1988ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை நினைவுக்கு வரும். இராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடர் 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை தூர்தர்ஷனில் 78 பகுதிகளாக ஒளிபரப்பானது. இந்தி புரியாத தமிழ் வீடுகளிலும் அதைப் பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும் கதை தெரியும். அதன் இறுதிப் பகுதிகளில் வந்தது சீதையின் தீக்குளிப்பு. ஒரு பெண் பாத்திரத்தின் ஒழுக்கம் தேசத்தின் கண்முன்னே ஒரே நேரத்தில் விசாரிக்கப்பட்டது அதுவே முதன்முறை எனலாம். இன்றைய நெடுந்தொடர்களில் நாள்தோறும் நடக்கும் அந்த விசாரணைக்குத் தொடக்கம் அங்கே இருக்கிறது.

சாகர் அந்தக் காட்சியை எப்படிக் கடந்தார் என்பது கவனிக்கத்தக்கது. தீ மூட்டும்படி இராமன் சொன்னதும் இலக்குவன் கொதித்தெழுகிறான். அப்போது இராமன் ஒரு இரகசியத்தை வெளியிடுகிறான். இராவணன் கொண்டுபோனது உண்மைச் சீதையை அன்று, அவளது நிழலைத்தான். உண்மைச் சீதை முன்பே அக்கினியிடம் ஒப்படைக்கப்பட்டாள். இப்போது நடப்பது சோதனை அன்று, ஒப்படைத்ததைத் திரும்பப் பெறுவது மட்டுமே. மாயாசீதை என்னும் இந்த உத்தி சாகரின் கற்பனை அன்று. அத்யாத்ம ராமாயணத்திலும் துளசிதாசரிடத்திலும் உள்ளதுதான். ஆயினும் பல மரபுகளுக்கு நடுவிலிருந்து அதையே அவர் தேர்ந்தெடுத்தார். பார்வையாளர்களால் தாங்கமுடியாத ஒன்றை அவர்கள் தாங்கத்தக்கதாக மாற்றுவதற்கான தேர்வு அது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தாங்கமுடியாதது எது? சீதையை இராமன் ஐயுற்றதா, அல்லது சீதையை இராவணன் தொட்டதா? மாயாசீதை இரண்டுக்கும் ஒரே சமயத்தில் விடை தருகிறாள். ஐயமும் இல்லை, தொடுகையும் இல்லை. ஆனால் இரண்டாவது விடைக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. தொடப்பட்டிருந்தால் அவள் களங்கப்பட்டிருப்பாள் என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதானே தொடப்படவில்லை என்று நிறுவவேண்டியிருக்கிறது? அண்ணனின் கைத்தடியைப் போலத்தான் இதுவும். சொல்லளவில் எல்லாம் சரி. உள்ளே வேறொன்று இருக்கிறது.

இந்தச் சங்கடம் மிகப் பழையது. வான்மீகியில் இராவணன் சீதையைக் கூந்தலையும் துடையையும் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனால் அதை எழுத முடியவில்லை. அவனுடைய இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான், விரல் படவில்லை. ஆயினும் மீட்சிப் படலத்தில் கம்பனின் இராமன் பேசும் சொற்கள் கேட்கக் கூசுபவை. அரக்கன் ஊரில் உண்டு வாழ்ந்து ஒழுக்கத்தைக் கெடுத்துக்கொண்டாய் என்ற பொருள்படப் பழிக்கிறான். தீண்டாமல் கொண்டுபோனதையெல்லாம் பார்த்த வாசகனுக்கு அவள் தூய்மை தெரியும், இராமனோ பழிக்கிறான். கம்பன் இந்த இடைவெளியை மூடவில்லை. அவள் இறங்கியதும், அவள் கற்பின் வெம்மை பொறுக்காமல் நெருப்புக் கடவுளே வெந்து கதறுகிறான். சோதித்தவன் சோதனைக்குள்ளான இடம் இது. சாகரின் தொடரில் இதற்கு இடமில்லை. யாரும் யாரையும் சோதிக்கவே இல்லை என்று அங்கே முன்னதாகவே தீர்ப்பாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் சீதை மீண்டும் கூண்டில் ஏற்றப்பட்டாள். பெரியாரின் ‘இராமாயணப் பாத்திரங்கள்’ இராமனை மட்டுமன்றிச் சீதையின் ஒழுக்கத்தையும் கடுமையாக விசாரித்தது. அவள் இராவணனோடு விரும்பியே போனாள் என்னும் அளவுக்கு அந்த வாதம் சென்றது. கற்பு என்பது பெண்ணுக்கு மட்டும் பூட்டப்பட்ட விலங்கு என்று ‘பெண் ஏன் அடிமையானாள்’ நூலில் அவ்வளவு தெளிவாகச் சொன்னவரே, காவியத்தை வீழ்த்துவதற்கு அதே விலங்கைக் கையிலெடுத்தது வியப்புக்குரியது. மேடையில் ஆர்.எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ வேறொரு வழி கண்டது. அந்த நாடகத்தில் சீதை இராவணனின் மகள். மகளாகிவிட்டால் களங்கத்துக்கு வாய்ப்பே இல்லை. பக்தருக்கு ஒரு தப்பும் வழி, நாடகக்காரருக்கு ஒரு தப்பும் வழி. எல்லோரும் சுற்றிச் சுற்றி அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வந்தார்கள்: தொட்டானா, தொடவில்லையா?

இந்த இடத்தில் பழைய தென்னார்க்காடு வேறு விடைகளை வைத்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும்வரை திருவாமாத்தூரும் கடலூரும் அந்த ஒரே மாவட்டத்துக்குள் இருந்தவை. இந்த மண்ணின் காவிய நாயகி சீதை அல்லள், திரௌபதி. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். ஐவருக்கு மனைவியான ஒருத்தியின் கற்பு என்னும் சிக்கலை அவர் நெருப்பைக் கொண்டே தீர்த்தார். ஆண்டுக்கொரு முறை தீயில் மூழ்கி எழுந்து அவள் அடுத்த கணவனை அடைகிறாள். இங்கே நெருப்பு அவளைச் சந்தேகிப்பதில்லை. நீராடுவதுபோல அவள் அதில் இறங்குகிறாள். அவள் பிறந்ததும் அதிலிருந்துதான்.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் மூலக்கோயிலாகக் கருதுவது மரபு. அங்கிருந்து பரவிய ஊர்களிலெல்லாம் பாரதம் படித்து, இரவிரவாகத் தெருக்கூத்து ஆடி, இறுதியில் தீமிதி நடக்கும். துகிலுரிதல் நடக்கும் இரவில், அரிதாரம் பூசி அவளாக நிற்பவர் ஓர் ஆண் கூத்தர். ஊர்ப் பெண்கள் அவரையே அம்மனாகக் கண்டு கலங்குவார்கள். பத்தினியா இல்லையா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஐந்து கணவர் உடையவள் என்பதும், அவையில் இழுத்து வரப்பட்டவள் என்பதும் அவளுடைய தெய்வத்தன்மைக்குத் தடையாக இல்லை. தீமிதியன்று நெருப்பில் இறங்குபவர்கள் ஊர்மக்கள். காப்புக் கட்டி, விரதமிருந்து, தங்கள் கால்களை அவர்களே தணலில் வைக்கிறார்கள். தீ பெண்ணுக்குரியதாக மட்டும் நிற்காமல் பார்வையாளனுக்கும் உரியதாகிவிடுகிறது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அந்த ஊர்மக்கள் என்ற வட்டத்துக்குள் எல்லோரும் அனுமதிக்கப்பட்டதில்லை. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியின் திரௌபதி அம்மன் கோயில், தலித் மக்களின் நுழைவை எதிர்த்து எழுந்த தகராறால் 2023 ஜூனில் முத்திரையிடப்பட்டது. அம்மனின் தூய்மையை ஐயுறாதவர்கள், அண்டை வீட்டாரின் தூய்மையை அளக்கத் தயங்கவில்லை.

அதே தென்னார்க்காட்டில் பிறந்த இரண்டு எழுத்தாளர்கள் சீதையின் நெருப்புக்கு நேரடியாகவே பதில் எழுதினார்கள். புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். ஜெயகாந்தன் 1934இல் மஞ்சக்குப்பத்தில். இரண்டும் இன்றைய கடலூரின் பகுதிகள். ஜெயகாந்தனின் இளமையில் ஒரு பகுதி விழுப்புரத்தில் கழிந்தது.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943இல் கலைமகளில் வெளிவந்தது. கல்லாயிருந்து மீண்ட அகலிகையின் உள்ளத்தில் இராமன் நீதியின் வடிவாக இருக்கிறான். வனவாசம் முடிந்து வரும் சீதை தீக்குளித்ததைச் சொல்லும்போது அகலிகை பதறுகிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு வேறொரு நீதியா என்பது அவளுக்குப் புரியவில்லை. மீண்டும் கல்லாகிறாள். தீர்ப்பளித்தவனை நோக்கித் தீர்ப்புக்குள்ளான பெண் கேள்வி எழுப்பிய கதை அது. அகலிகை குற்றமற்றவள் என்று நிறுவ ஆசிரியர் பாடுபடவில்லை. அந்த நிரூபணத்துக்கு அங்கே தேவையே இல்லை.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழைநாளில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் தாய் குடம் குடமாய் நீர் ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தலைப்பில் நெருப்பு, கதையில் நீர். அந்தத் தாய் ‘தொட்டானா’ என்ற பழைய கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடையை ஏற்றுக்கொண்டு, அதன் பிறகும் மகள் தூயவள் என்கிறாள். கம்பனும் துளசிதாசரும் சாகரும் மனோகரும் எடுத்துவைக்காத அடி இது. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. வாசகர் பலருக்கு அந்தத் தாயின் மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நூலாக வந்தது. 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. கங்காவின் வாழ்க்கையைச் சிதைப்பது அந்த மழைநாள் அன்று; அதற்குப் பின் அவளைச் சுற்றி எழும் பேச்சு.

மீண்டும் தொலைக்காட்சிக்கு வருவோம். தொடர்ந்து வந்த ‘உத்தர ராமாயண’ப் பகுதியில், ஊரார் பேச்சைக் கேட்ட சீதை, அரசனின் புகழைக் காக்கத் தானே காட்டுக்குப் போக முன்வருகிறாள். இராமன் மீதான பழி இங்கும் துடைக்கப்பட்டது. அதைத் துடைக்கும் வேலையும் அவளிடமே தரப்பட்டது. சீதையாக நடித்த தீபிகா சிக்கலியாவை மக்கள் சீதையாகவே வணங்கினார்கள். 1991இல் வடோதராவிலிருந்து அவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வணங்கிய அந்தக் கண்களே நடிகையின் உடையையும் நடத்தையையும் அளக்கும் கண்களாகவும் இருந்தன. 2020இல் ஊரடங்கின்போது தொடர் மறுபடி ஒளிபரப்பானபோது புதிய தலைமுறை ஒன்று அதே கூடத்தில் அமர்ந்து அதே விசாரணையைப் பார்த்தது.

கூத்து நடக்கும் களத்துக்கும் தொலைக்காட்சி இருக்கும் கூடத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கூத்தைப் பார்த்தவன் விடிந்ததும் தன் காலைத் தீயில் வைக்கவேண்டியிருந்தது. கூடத்தில் அமர்ந்தவனுக்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. அவள் அவனோடு பேசினாள், இவனோடு சிரித்தாள், இரண்டாம் மணம் செய்துகொண்டாள் என்று நெடுந்தொடர் நாயகிகளைப் பற்றி நாம் தரும் தீர்ப்புகளுக்கு நம்மிடம் எவரும் சத்தியம் கேட்பதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டபடி அருகிலேயே அமர்ந்திருக்கிறாள் வீட்டுப் பெண். தனக்கும் இந்தத் தீர்ப்புத்தான் என்பதை அவள் அறிந்துகொள்கிறாள்.

வட்டப்பாறையின் கதையில் அம்மன் தண்டித்தது, தன் கையிலிருப்பதை மறைத்துக்கொண்டு உண்மை பேசியவனை. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் நம் கைத்தடிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். திருவாமாத்தூரில் சீதை சத்தியம் செய்ததாகக் கதை எதுவும் இல்லை. அவள் செய்யவேண்டியிருக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.