லினக்ஸில் கணினி விளையாட்டு: உழைப்பும் உடைமையும்

லினக்ஸ் இயங்குதளத்திற் கணினி விளையாட்டுகள் இடம்பெற்ற வரலாற்றை ஒரு கம்பனியின் சாதனையாகக் காண்பது பொருந்தாது. வின்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்கவென 1993இல் தொடங்கிய ‘வைன்’, ஆரம்பத்தில் தன்னார்வலரின் கூட்டுழைப்பிலேயே வளர்ந்தது. 1998இல் தோன்றிய லோக்கி, பிறர் ஆக்கிய விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்க முயன்றது, 2002இல் மூடுண்டது. ஆயின் அங்கு பணியாற்றிய சாம் லன்ரிங்கா உருவாக்கிய எஸ்டிஎல் என்னும் நிரற்றொகுதி, அதன் மூலநிரல் பொதுவில் இருந்தமையால், கம்பனியோடு அழியவில்லை. நாம் அழுத்திக் கூற விரும்புவது இதனையே. 2018இல் வால்வ் வெளியிட்ட ‘புரோட்டன்’ வைனையே அடித்தளமாகக் கொண்டது. 2022இல் சந்தைக்கு வந்த ஸ்டீம் டெக், வின்டோஸ் விளையாட்டுகளுக்குப் புரோட்டனையே நம்பியுள்ளது. இவ்வளர்ச்சியில் வால்வின் மூலதனம் வகித்த பங்கை நாம் மறுக்கவில்லை. புரோட்டனின் மூலநிரலும் திறந்தே உள்ளது. விளையாட்டுகளை விற்றுப் பங்கு பெறும் ஸ்டீம் அங்காடியின் மூலநிரலோ இன்றும் மூடியே கிடக்கிறது.