விலங்குத் திசு இதய வால்வும் உடலின் மறுப்பும்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

குற்றால அருவிகளில் நீராடி உடல்நலம் பெறலாம் என்று நம்பித் தென்காசிப் பகுதிக்கு வருவோர் பலர். அப்பகுதியில் வாழும் இதய நோயாளருள் சிலரோ செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து, ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள திருவனந்தபுரத்திற்குச் செல்கின்றனர். 1956 வரை செங்கோட்டை கேரளப் பகுதியோடு இணைந்திருந்தமையால் இவ்வழி புதியதன்று. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவாக்கி, 1990 டிசம்பரில் நோயாளி ஒருவருக்குப் பொருத்திய வால்வு உலோகச் சட்டமும் நெகிழித் தட்டும் கொண்டது. அதில் விலங்குத் திசு இல்லை. இத்தேர்வின் பொருத்தத்தை, விலங்கு வால்வுகளை மனித உடல் எதிர்கொண்ட வரலாற்றின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

பதப்படுத்தலும் அதன் எல்லையும்

1965-இல் பாரிசில் பினே, கார்பென்டியர் முதலிய மருத்துவர்கள் பன்றியின் வால்வை மனித இதயத்தில் பொருத்தினர். அழற்சியால் அத்தகைய வால்வுகள் விரைவில் சிதைந்தன. 1960-களின் இறுதியில் கார்பென்டியர் குளுட்டரால்டிஹைடு கரைசலால் திசுவைப் பதப்படுத்தத் தொடங்கினார். அது புரதங்களைக் குறுக்கே பிணைத்துத் திசுவை உறுதியாக்கியது. உடலின் எதிர்ப்பையும் பெரிதும் தணித்தது. பன்றி வால்வும் மாட்டின் இதய உறையும் உலகெங்கும் பயன்பாட்டிற்கு வந்தன.

ஆயின் தணிதல் வேறு, நீங்குதல் வேறு. பன்றி, மாடு ஆகியவற்றின் திசுக்களில் ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரைக் கூறு உண்டு. மனிதரிடம் அது இல்லை. குடல் நுண்ணுயிரிகளின் தூண்டலால் அதற்கெதிரான எதிர்ப்பொருள் நம் குருதியில் எப்போதும் இருந்துவருவதை 1980-களில் யூரி கலிலி விளக்கினார். குளுட்டரால்டிஹைடு புரதங்களைப் பிணைப்பதால், சர்க்கரைக் கூறு ஓரளவு எஞ்சிவிடுகிறது. திசு வால்வு பொருத்தப்பட்டபின் இவ்வெதிர்ப்பொருள் மிகுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. வால்வில் கால்சியம் படிந்து இறுகுவதற்கு இவ்வெதிர்ப்பும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இறந்த செல்களின் கொழுப்பு, பதப்படுத்தும் வேதிப்பொருள், இடையறாத இயக்கத்தின் தேய்வு ஆகியன பிற காரணங்கள்.

செல்களை அகற்றினால் எதிர்ப்பும் அகலும் என்ற கருத்தும் சோதிக்கப்பட்டது. அதன் விலை கொடியது. செல் நீக்கிய பன்றி வால்வு பொருத்தப்பட்ட நான்கு குழந்தைகளுள் மூவர் இறந்ததை வியன்னா மருத்துவர்கள் 2003-இல் பதிவுசெய்தனர். பொருத்தப்படாத வால்வுகளைச் சோதித்தபோது, அவற்றிலும் செல்கள் முற்றாக நீங்கவில்லை என்பது தெரியவந்தது.

வயதும் தேர்வும்

இளம் உடலில் எதிர்ப்பும் கால்சியம் படிவும் விரைவானவை. ஆகவே முதியவர்க்குப் பல்லாண்டு உழைக்கும் திசு வால்வு, சிறுவரிடம் சில ஆண்டுகளிலேயே பழுதாகக்கூடும். மேலை நாடுகளில் வால்வு மாற்றம் பெறுவோர் பெரும்பாலும் முதியவர். நம் நாட்டிலோ ருமாட்டிக் காய்ச்சல் பள்ளிப் பருவத்திலேயே வால்வைத் தாக்குகிறது. மறு அறுவைக்குப் பொருள் இல்லாத குடும்பத்திற்கு நீடித்து உழைக்கும் உலோக வால்வே ஏற்றதாயிற்று எனக் கொள்ள இடமுண்டு.

அதற்கும் விலை உண்டு. உலோக வால்வில் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். அடிக்கடி குருதிச் சோதனையும் வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு அம்மருந்தே இடராகலாம். மலையடிவாரச் சிற்றூரில் வாழும் இளம்பெண்ணுக்குத் திசு வால்வெனில் மீண்டும் ஓர் அறுவை. உலோக வால்வெனில் நாள்தோறும் மாத்திரை.

முடிவுரை

பதப்படுத்தல் அயன்மையை மறைத்ததேயன்றி முற்றும் அழிக்கவில்லை. எந்த வால்வு சிறந்தது என்னும் வினாவிற்குப் பொது விடை இல்லை. யாருக்கு, எவ்வயதில், எவ்வூரில் என்று கேட்டே விடை காண வேண்டும். இளையோரின் உடல் ஏற்கும் திசு வால்வு உருவாகும்வரை, ருமாட்டிக் காய்ச்சலைத் தொண்டைப் புண் நிலையிலேயே கண்டு பெனிசிலினால் தடுப்பதே தென்காசிச் சிறாருக்கு முதற்காப்பாகும்.