நீச்சல் குளத்து வாயிலில் இப்னு பதூதா

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே இருப்புப் பாதையோரம் அமைந்த எங்கள் வேப்பம்பட்டுக்கும் பாரிஸ் மாநகருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். என் தமக்கையைக் காரைக்காலில் மணமுடித்துக் கொடுத்தோம். பிரெஞ்சிந்தியப் பகுதிகள் 1962இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, ஒப்பந்தம் அளித்த உரிமையின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுள் அவர் புகுந்த குடும்பமும் ஒன்று. அதனால் என் மருமகன் இன்று பாரிஸின் புறநகர் ஒன்றில் வாழ்கிறார்.

சென்ற ஆண்டு அவர் தம் ஒன்பது வயது மகளுக்கு நீந்தக் கற்பிக்க எண்ணி, அவ்வூர்ப் பொது நீச்சல் குளத்திற்கு அழைத்துச் சென்றார். அவர் அணிந்திருந்ததோ முழங்காலுக்குக் கீழ் இறங்கும் தளர்ந்த காற்சட்டை. மகள் அணிந்திருந்ததோ கையும் காலும் மறைக்கும் நீச்சலுடை. வாயிற்காவலர் இருவரையும் நிறுத்தினார். சுவரில் தொங்கிய விதிப்பலகையைப் பணிவோடு சுட்டிக்காட்டினார். ஆண்களுக்கு உடலை ஒட்டிய குறுங்காற்சட்டை, தலைக்கு உறை. உடல் முழுவதையும் மூடும் உடைக்கு இடமில்லை. தந்தையும் மகளும் நனையாமலேயே வீடு திரும்பினர்.

அன்றிரவு தொலைபேசியில், "மாமா, மறைத்துக்கொண்டு குளிப்பது ஒரு நாட்டில் குற்றமாகுமா?" என்று கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் தெளிவானவை. ஆணின் மறைக்கவேண்டிய பகுதி தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது என்பது ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் ஏற்ற முடிவு. முழங்காலும் அதில் அடங்கும் என்பர் ஹனஃபிகள். அடங்காது என்பர் ஷாஃபிஈகள். பொதுக் குளியல் மண்டபமாகிய ஹம்மாமில் இடுப்புத் துணியின்றி நுழையலாகாது என்பது நபிவழி. நீச்சலைப் பொறுத்தவரை, பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்குமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக அறிவிப்பு உண்டு. ஆகவே நீந்துவதும் வேண்டும், மறைப்பதும் வேண்டும்.

அயல்நாட்டுக் குளியலிடத்தின் வாயிலில் இச்சங்கடத்தை முதன்முதலாகச் சந்தித்தவர் என் மருமகன் அல்லர். ஹிஜ்ரி 725இல், அதாவது கி.பி. 1325இல், தாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, மறு ஆண்டு எகிப்தில் நைல் நதிக்கரையிலுள்ள மின்யா நகரை அடைந்தார். அங்கே ஹம்மாமில் நுழைந்தவர், மக்கள் துணியின்றிக் குளிப்பதைக் கண்டு திடுக்கிட்டார். அந்த மக்களோ முஸ்லிம்கள்; அந்த நாடோ முஸ்லிம் நாடு. அவர் யாரிடமும் சண்டையிடவில்லை. நேரே ஆளுநரிடம் சென்று முறையிட்டார். ஆளுநர் ஹம்மாம் குத்தகைதாரர்களை வரவழைத்து, இடுப்புத் துணியின்றி எவர் நுழைந்தாலும் தண்டனை உண்டு என எழுதி வாங்கினார். அடுத்த ஆண்டு பக்தாதில், குளிக்க வருவோர் ஒவ்வொருவருக்கும் நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று, துவட்ட ஒன்று என மூன்று துணிகள் தரப்படுவதைக் கண்டு அவர் மகிழ்ந்து பாராட்டினார்.

ஆனால் அவரது வரலாறு வெற்றியோடு முடியவில்லை. 1343ஆம் ஆண்டு வாக்கில் மாலத்தீவை அடைந்த அவர் அங்கே காழியாக அமர்த்தப்பட்டார். அத்தீவுப் பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடையணியும் வழக்கமில்லாதவர்கள். அவர்களை உடுக்கச்செய்யக் காழி ஆணையிட்டுப் பார்த்தார், இயலவில்லை. வழக்கு மன்றத்தில் தம் முன் வரும் பெண்கள் மட்டுமே மூடிக்கொண்டு வரச் செய்ய முடிந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். அங்கிருந்து கடல் கடந்து நம் தமிழகத்திற்கு, மதுரைச் சுல்தானின் அவைக்கு வந்தவரும் இவரே.

மின்யாவில் அதிகாரமின்றிக் கோரிக்கை வைத்தார், நிறைவேறியது. மாலத்தீவில் அதிகாரத்தோடு ஆணையிட்டார், நிறைவேறவில்லை. உடை பற்றிய ஆணை மக்கள் மனத்தைத் தொடாதவரை ஏட்டோடு நின்றுவிடும் என்பதே இதிலுள்ள பாடம். மூடச் சொல்லும் ஆணைக்கும் இது பொருந்தும். களையச் சொல்லும் ஆணைக்கும் பொருந்தும்.

இன்றைய ஐரோப்பாவுக்கு வருவோம். தெருவில் அணிந்த தளர்ந்த உடை அழுக்கை நீரில் சேர்க்கும் என்பது பிரெஞ்சுக்காரர் கூறும் காரணம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நீந்துவதற்கென்றே தைத்த உடை தெருவில் அணிவதன்று. லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழும் அஹெதா ஸனெட்டி என்னும் பெண்மணி 2004இல் வடிவமைத்த புர்கினி அத்தகையது. ரென் நகரம் 2018இல் அதைத் தன் குளங்களில் அனுமதித்தது. கிரெனோபிள் நகரமன்றமும் 2022 மே மாதம் அனுமதித்தது. ஆனால் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதே ஆண்டு ஜூன் 21ஆம் நாள் கிரெனோபிளின் விதி நிறுத்திவைக்கப்பட்டதை உறுதிசெய்தது. ஒரு சாராருக்காகப் பொதுவிதியைத் தளர்த்துவது சமநிலையைக் குலைக்கும் என்பது அதன் கருத்து.

ரைன் நதிக்கு அப்பால் நிலைமை வேறு. ஃபிராங்க்ஃபர்ட் பள்ளியொன்றின் முஸ்லிம் மாணவி, ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் நீச்சல் வகுப்பிலிருந்து விலக்குக் கோரியபோது, ஜெர்மனியின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2013இல் அதை மறுத்தது. புர்கினி அணிந்து வகுப்புக்குச் செல்லலாமே என்று காரணம் காட்டியது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பெற்றோர் இருவரின் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2017இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. பிள்ளைகள் புர்கினி அணிய அனுமதி இருந்ததை அதுவும் எடுத்துக்காட்டியது. ஓரிடத்தில், "அந்த உடை இருக்கிறதே, வந்து நீந்து" என்கிறார்கள். மற்றோரிடத்தில், "அந்த உடையோடு வராதே" என்கிறார்கள். ஒரே துணி ஓரிடத்தில் பாலம், மற்றோரிடத்தில் தடைச்சுவர்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: "வாயிற்காவலரோடு வாதிடாதீர்கள். இப்னு பதூதாவைப் போல நகரத் தலைவருக்கு முறையாக விண்ணப்பம் எழுதுங்கள். உங்கள் ஆடையின் தூய்மையை விளக்குங்கள். ஆனால் பிள்ளையின் நீச்சலை அதுவரை ஒத்திப்போடாதீர்கள்."

விண்ணப்பத்திற்கு இன்னும் விடையில்லை. ஆனால் கடற்கரை குளத்தைப் போன்றதன்று. பொது ஒழுங்குக்கு மெய்யான தீங்கு இல்லாதபோது கடற்கரையில் அவ்வுடையைத் தடுக்கலாகாது என்று, அதே உயர் நிர்வாக நீதிமன்றம் 2016 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. கோடை விடுமுறையில் மருமகன் குடும்பத்தோடு கடலோரம் சென்றார். மகள் முழு உடையோடு அலையில் இறங்கி, மிதக்கக் கற்றுக்கொண்டாள்.

மகிழ்ச்சியோடு என்னிடம் பேசிய அச்சிறுமி, "உங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் எங்கே நீந்துவார்கள்?" என்று கேட்டாள். எங்களைச் சுற்றி ஏரிகள் உண்டு. என் மாணவர்களுள் நீந்தத் தெரிந்த சிறுவர்களும் உண்டு. என் சொந்த மகள்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. அவர்களை எந்தக் காவலரும் எந்த வாயிலிலும் தடுத்ததில்லை; நான்தான் அழைத்துச் செல்லவில்லை. பாரிஸைப் பற்றி இத்தனை எழுதிய எனக்கு, அவளுக்குச் சொல்ல விடை கிடைக்கவில்லை.