கியர் ஆயில் தேர்வு: கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும்

கியர் ஆயில் என்பது வாகனத்தின் கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் உள்ள பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கும் மசகு எண்ணெய். பற்கள் ஒன்றையொன்று நெருக்கும் கடும் அழுத்தத்தைத் தாங்குவதே இதன் முதல் வேலை. தரவகை, பாகுத்தன்மை ஆகிய இரண்டையும் பார்த்தே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரு பகுதிகளின் தேவை

மேனுவல் கியர்பாக்ஸில் கியர் மாற்றும்போது சின்க்ரோ வளையம் பற்சக்கரத்தின் கூம்புப் பகுதியை அழுத்திப் பிடித்து, இரண்டின் சுழற்சி வேகத்தையும் சமப்படுத்துகிறது. இது உராய்வால் நடக்கும் வேலை. எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையத்தின் பிடி தளரும். கியர் கரகரவென்று விழும். பல கார்களில் இந்த வளையம் பித்தளையால் ஆனது என்பதால், எண்ணெய் அந்த உலோகத்தை அரிக்காததாகவும் இருக்க வேண்டும்.

பின்சக்கர இயக்கக் கார்களின் டிஃபரன்ஷியலில் இருப்பது பெரும்பாலும் ஹைப்பாய்டு வகைப் பற்சக்கரம். இதில் பினியன், கிரவுன் வீலின் மையக் கோட்டுக்குக் கீழே தள்ளி அமைந்திருக்கும். இதனால் புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாழ்வாகப் பொருத்தி, காரின் தளத்தையும் தாழ்த்த முடிந்தது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1926-இல் இதைக் கார்களில் கொண்டுவந்தது. ஹைப்பாய்டு பற்கள் உருள்வதோடு நீளவாக்கில் சறுக்கவும் செய்கின்றன. அந்தச் சறுக்கலில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். எனவே கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் எண்ணெயில் கலக்கப்படுகின்றன. தொடுமிடம் சூடேறும்போது இவை எஃகுடன் வினைபுரிந்து மெல்லிய மேற்படலத்தை உண்டாக்கும். தேய்வது அந்தப் படலமே, பல் தப்பிக்கும்.

ஜிஎல் தரவகை

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (ஏ.பி.ஐ.) வகுத்த தரவகைகளில் கார்களுக்கு முக்கியமானவை ஜிஎல்-4, ஜிஎல்-5.

ஜிஎல்-4: நடுத்தரம் முதல் கடுமை வரையிலான பளுவுக்கானது. சின்க்ரோ உள்ள பெரும்பாலான கியர்பாக்ஸுகளுக்கு ஏற்றது.

ஜிஎல்-5: அதிர்ச்சிப் பளுவைத் தாங்க வேண்டிய ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலுக்கானது. அழுத்தம் தாங்கும் சேர்மங்கள் ஜிஎல்-4-இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும்.

எண் கூடினால் தரம் கூடும் என்று கருதி ஜிஎல்-5 எண்ணெயை எல்லா கியர்பாக்ஸிலும் ஊற்றுவது தவறு. வினைத்திறன் மிகுந்த கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். சின்க்ரோவின் பிடியும் குறையலாம். ஹைப்பாய்டு டிஃபரன்ஷியலில் ஜிஎல்-4 ஊற்றினால், பளு ஏறும்போது பற்கள் உரசிப் பழுதாகும்.

பாகுத்தன்மை

எஸ்.ஏ.இ. ஜே306 தரநிலை கியர் ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கிறது. 75டபிள்யூ-90 என்பதில் முதல் எண் குளிர்நிலையையும் இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள நிலையையும் காட்டும். 75டபிள்யூ எண்ணெய்க்கான குளிர்நிலைச் சோதனை மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூவுக்கு மைனஸ் 26 டிகிரியிலும், 85டபிள்யூவுக்கு மைனஸ் 12 டிகிரியிலும் நடக்கிறது. கியர் ஆயிலின் எண்ணை என்ஜின் ஆயில் எண்ணோடு ஒப்பிடக்கூடாது. 90 கியர் ஆயில், 40 அல்லது 50 என்ஜின் ஆயில் அளவுக்கே கெட்டியானது.

வண்டிக்கேற்ற தேர்வு

அம்பாசடர், மாருதி ஆம்னி, மஹிந்திரா பொலேரோ போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் கியர்பாக்ஸ் முன்னும் டிஃபரன்ஷியல் பின்னும் தனித்தனியே இருக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு எண்ணெய் தேவைப்படலாம். 1983-இல் வந்த மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். ஒரே எண்ணெய் போதும். என்ஜின் குறுக்குவாட்டில் அமைந்த இத்தகைய கார்களில் ஹைப்பாய்டு பற்சக்கரம் தேவைப்படுவதில்லை. விதிவிலக்குகளும் உண்டு: ஹோண்டா தன் மேனுவல் கியர்பாக்ஸுகளுக்குத் தனித் திரவத்தைப் பரிந்துரைக்கிறது, வேறு சில கியர்பாக்ஸுகள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவத்தில் இயங்குகின்றன. கிளட்ச் தட்டுகள் கொண்ட லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு உராய்வைச் சீராக்கும் சேர்மமும் வேண்டும்.

மாற்றும் முறை

எண்ணெயை வடிப்பதற்கு முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்க்க வேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. சிறிது தூரம் ஓட்டியபின் வடித்தால் எண்ணெய் இளகி முழுதாக இறங்கும். காந்த டிரெயின் பிளக்கில் சாம்பல் நிறப் பசைபோல் ஒட்டியிருக்கும் நுண்துகள் இயல்பான தேய்மானம். செதிலாக எஃகுத் துண்டு கிடைத்தால் பல் உடைந்திருக்கலாம். எண்ணெயில் பொன்னிற மினுமினுப்பு தெரிந்தால் சின்க்ரோ வளையம் தேய்கிறது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில், சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றுவதே சரியான அளவு.

கடைக்காரர் சொல்லையோ விலையையோ நம்பி கியர் ஆயில் வாங்கக்கூடாது. தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள தரவகையும் பாகுத்தன்மையும் டப்பாவில் அப்படியே அச்சாகியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.