அரிக்கமேட்டு வடபகுதிக் கட்டடம்: ‘ரோமானியர் கிடங்கு’ என்னும் முடிபு பற்றி

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். மேட்டின் வடபகுதியில் ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள செங்கற் கட்டடம் ஒன்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. அதைக் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எழுந்த பண்டகசாலை என்று அவர் கொண்டார். பின்னாளில் அது ‘ரோமானியர் கிடங்கு’ என்றே பரவலாக வழங்கலாயிற்று. கட்டடம் ரோமானியக் காலத்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அதைக் கட்டியவர் ரோமானியர் என்பதற்கு மண்ணிலிருந்து கிடைத்த சான்று போதாது.

வீலரின் காலக்கணிப்பு இத்தாலியில் வனையப்பட்ட அரெட்டைன் பாண்டங்களின் ஓடுகளைச் சார்ந்தது. அவற்றின் உற்பத்திக் காலம் இத்தாலியச் சான்றுகளால் அறியப்பட்டிருந்ததால், நாள் குறிக்க இயலாதிருந்த தென்னிந்திய மண்ணடுக்குகளுக்கு முதன்முறையாக உறுதியான பிடிமானம் கிடைத்தது. இப்பணியின் பெருமையை எவரும் குறைக்க இயலாது. ஆயினும் ஓடு கூறுவது அடுக்கின் காலத்தை மட்டுமே; சுவரை எழுப்பியவர் யார் என்பதை அது கூறாது. வீலர் மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதிய, உருளியால் கோலமிட்ட ரூலெட் பாண்டமோ இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்பதைப் பிற்காலக் களிமண் பகுப்பாய்வுகள் காட்டின. 1989–92இல் விமலா பெக்லி குழுவினர் நடத்திய அகழாய்வு, ரோமானியத் தொடர்புக்கு முன்பே அங்கு மக்கள் குடியிருந்ததை உறுதிப்படுத்தியது. வெளியார் வந்து புதிதாக நிறுவிய நிலையம் என்ற கருத்து இதனால் பெரிதும் தளர்கிறது.

உள்ளூரார் கட்டியிருக்கலாம் என்பதற்குக் கட்டடக் கலையும் எதிராக இல்லை. பூம்புகாரை அடுத்த கீழையூரில் செங்கல்லும் மரக்கம்பங்களும் கொண்ட படகுத்துறை கிடைத்துள்ளது. நீரோரத்தில் செங்கற் கட்டுமானம் எழுப்ப இக்கரையினர்க்கு அயலார் துணை தேவைப்படவில்லை.

இனி, கிடங்கு என்பது. நீண்ட வடிவமும் ஆற்றண்மையும் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் அவை தொழிற்கூடத்துக்கும் பொருந்தும். மணி செய்தல் பெருந்தொழிலாக நடந்த ஊர் இது. மது, ஒலிவ எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றைக் கொணர்ந்த ஆம்போராச் சாடிகளின் ஓடுகள் இறக்குமதியை மெய்ப்பிக்கின்றன. அப்பொருள்கள் இந்தச் சுவர்களுக்குள்தான் அடுக்கப்பட்டன என்பதை அவை மெய்ப்பிக்கவில்லை. ஆஸ்டியாத் துறைமுகத்துக் கிடங்குகளில் முற்றத்தைச் சூழ்ந்த அறைவரிசைகள் தெளிவாக நிற்கின்றன. ஆற்றரிப்பாலும் செங்கற் கொள்ளையாலும் சிதைந்த இத்தளத்தை அவற்றோடு ஒப்பிடத் தரைப்படம் இடந்தரவில்லை.

மேட்டின் தென்பகுதியில் கிடைத்த தொட்டிகளை மஸ்லின் துணிக்குச் சாயமேற்றியவை என்று வீலர் கொண்டதும் வடிவத்தை வைத்துச் செய்த ஊகமே. வடபகுதிக் கட்டடத்திலும் தொட்டிகளிலும் கலையாத மண் எஞ்சியிருக்குமானால், தரைமட்டத்தில் படிந்த எச்சங்களை வேதியியல் முறையில் ஆராய்வதே, கட்டடம் கிடங்கா, தொட்டிகள் சாயத்துக்கா என்னும் இரு வினாக்களுக்கும் விடை தேடும் வழி. ஆறு அரிப்பதற்கு முன் அப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.